இராஜாக்கமங்கலத்து வானில் ஒரு தட்டு

நிலா என்று ஒன்று இருப்பதைக் கடைசி வரை முழுமனதாக ஒப்புக்கொள்ளாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வடசேரியில் இருந்தார். பௌர்ணமி அன்று கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்து காட்டினாலும், "வெள்ளையா என்னமோ தெரியுது. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்பார்.

அவருக்குப் பெற்றவர்கள் இட்ட பெயர் ஒன்று இருந்தது. ஊருக்கு அவர் நெகட்டிவ் அண்ணாச்சி. சந்தைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் அவருக்கு வேலை. பிலிம் கழுவுவார்; கழுவியதில் டச்சிங் செய்வார். சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்புகளை மறைப்பார். சின்னக் கத்தியால் சுரண்டி, அரும்பு மீசையை ராஜா மீசையாக்குவார். இப்படி நாள் முழுக்கத் தன் கையாலேயே பொய் செய்கிறவர் என்பதால், வேறு யார் எதைக் காட்டினாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு நெகட்டிவ் எங்க?"

போட்டோவுக்கு மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஜாதகத்துக்குக் கேட்டார். பஞ்சாங்கத்துக்குக் கேட்டார். திருவனந்தபுரத்துக்குப் புதிதாக ஒரு பஸ் விடப்போகிறார்கள் என்று நான் சொன்னதற்கும் கேட்டார். முடிவெட்டி முடித்துக் கண்ணாடியைக் காட்டுகிற நாவிதரிடம், "இதுல வலது எடதாத் தெரியுது. அப்பம் இது நான் இல்ல. நீரே முன்னால வந்து பாத்துச் சொல்லும்" என்று அவரை அலைக்கழித்தார்.

ஒரு தடவை தோவாளைப் பக்கத்துக்காரர் ஒருவர் மகளுக்கு வரன் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் படத்தை அண்ணாச்சியிடம் காட்டிவிட்டார்.

"மூக்கு அவருக்குள்ளது. மீசை எனக்குள்ளது" என்றார் அண்ணாச்சி.

"அப்பம் கன்னம்?"

"ஆளுக்குப் பாதி."

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அண்ணாச்சி டார்க்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் பிலிம் எல்லாம் கெட்டுவிடும் என்பதால், வேறு வழியில்லாமல் ஸ்டூடியோ முதலாளியே வாசலில் கைகளை விரித்து நின்று அவரைக் காப்பாற்றினார்.

இன்னொரு குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வந்த படத்தில், பின்வரிசையில் வெளிறிய முகமாக ஒருவர் கூடுதலாக நின்றார். இறந்துபோன பெரிய மாமாவேதான் என்று வீடே அழுதது. படத்தை நடுவீட்டில் வைத்து, மாமாவுக்குப் பிடித்த ரசவடையும் பாயசமும் படைத்தார்கள். அதன் பிறகு சட்டம் போடுவதற்காக ஸ்டூடியோவுக்குக் கொண்டு வந்தபோதுதான் அண்ணாச்சி அதைப் பார்த்தார்.

"உங்க மாமா போலீஸ்ல இருந்தாரா?"

"இல்ல அண்ணாச்சி. அரிசி யாவாரம்."

"அப்பம் இது கோட்டாத்துல உள்ள ஏட்டையா. அவரை எடுத்த பிளேட்டுலயே உங்களையும் எடுத்துப்புட்டோம். ஆளு நல்ல சொகமா இருக்காரு. பாயசம் மிச்சம் இருந்தா அங்கண குடுத்து விட்டுருங்க."

இப்படிப்பட்டவரோடு எனக்கு எப்படி நட்பு உண்டாயிற்று என்றால், எங்கள் இருவருக்கும் எதிரெதிரான வியாதி. எதையும் நம்பாதது அவர் வியாதி. எதையும் எழுதி வைப்பது என் வியாதி. எனக்கு அது 1947-இல் பிடித்தது. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி தொடங்கிய என் முதல் டைரியின் முதல் வரி, "காலைப் புட்டு ஆறிப்போயிருந்தது" என்பது. சுதந்திரம் மூன்றாம் வரியில் வருகிறது. நான் அரசாங்கக் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. எதை எழுதினாலும் ஆங்கிலத் தேதி, கொல்லம் ஆண்டு, கிழமை, மணி, நிமிடம் எல்லாம் போடுவேன். என் கைக்கடிகாரம் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி ஓடும். அதையும் கழித்துவிட்டுத்தான் எழுதுவேன். இவனுக்குப் பொய் எழுதவே தெரியாது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கே தோன்றியது.

அதே 1947-இல்தான் அமெரிக்காவில் வானத்தில் தட்டுத் தட்டாக ஏதோ பறந்ததாகப் பத்திரிகைகளில் வரத் தொடங்கியது. அகப்பட்ட செய்தியை எல்லாம் வெட்டி ஒட்டினேன். அகப்பட்ட புத்தகத்தை எல்லாம் படித்தேன். படித்ததை எல்லாம் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"தட்டு பறக்கதைப் பாக்க அமெரிக்கா வரைக்கும் போணுமாவே? எம் வீட்டுல வந்து, சோத்துக்கு உப்பு இல்லன்னு சொல்லிப் பாரும். ரெண்டு தட்டு பறக்கும்."

"படம் போட்டிருக்கான் அண்ணாச்சி!"

"படமா? படம் நான் போடுகேன். ஒரு சட்டி மூடியும் கொஞ்சம் நூலும் குடும். சாயங்காலத்துக்குள்ள சுசீந்திரம் கோபுரத்துக்கு மேல பறக்கவிட்டுத் தாறேன். நெகட்டிவைக் கொண்டாரும்வே, பொறவு பேசலாம்."

ஐந்து வருடம் இப்படியே போயிற்று. 1952 ஆவணியில், அதாவது கொல்லம் 1128 பிறந்த மாதத்தில், ஒரு சனிக்கிழமை நானும் என் அக்காவும் அத்தானும் இராஜாக்கமங்கலம் கடற்கரைக்குப் போனோம். என்னிடம் ஒரு பெட்டிக் காமிரா இருந்தது. கரையில் வாங்கிய பாரை மீனை அத்தான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நின்றார். அக்கா மீனிலிருந்து விலகி நின்றாள். மாலை சரியாக ஐந்து மணி பதினேழு நிமிடத்துக்குப் படம் எடுத்தேன். என் படங்களில் எப்போதும் ஆட்களைவிட வானம் அதிகம் இருக்கும். அது கலை என்று நான் சொல்வேன். பெட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை என்று அத்தான் சொல்வார்.

திங்கட்கிழமை கச்சேரி விட்டதும் பிலிமை ஸ்டூடியோவில் கொடுத்தேன். அண்ணாச்சி உடனே டார்க்ரூமுக்குள் போய்க் கழுவத் தொடங்கினார். நான் சும்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். என் கையில் அன்றைய பத்திரிகை இருந்தது. அதில் புதிதாக ஓர் அமெரிக்கத் தட்டு இருந்தது. கதவில் வாயை வைத்து உரக்க வாசித்தேன்.

"மின்னல் வேகத்துல போச்சுதாம் அண்ணாச்சி! விமானி பாத்திருக்கான்!"

"அவன் காலம்பற என்ன குடிச்சாம்னு போட்டிருக்கா?" என்றது கதவு.

"மூணு பேரு சாட்சி!"

"மூணு பேரும் ஒரே பாட்டிலா?"

"உமக்குப் பொறாமை அண்ணாச்சி! நம்ம ஊருல பறக்கலைன்னு பொறாமை!"

இதற்கு உள்ளேயிருந்து அவர் கதவைத் தட்டினார். வெளியேயிருந்து நானும் தட்டினேன். வீட்டுக்குப் போய் டைரியில் எழுதினேன்: "மாலை 5.40 முதல் 6.10 வரை டார்க்ரூம் வாசலில் அண்ணாச்சியுடன் வாதம். நானே வென்றேன்."

மறுநாள் அவர் ஒரு கல்யாணத்துக்காகத் தக்கலைக்குப் போய்விட்டார். காய்ந்திருந்த பிலிமை வைத்துக் காகிதத்தில் படம் போட்டவர் முதலாளி. புதன்கிழமை அவர் என்னைத் தேடிக் கச்சேரிக்கே வந்துவிட்டார்.

"ஓய், இது என்ன ஓய்?"

படத்தில் அத்தானுக்கு இடுப்புக்குக் கீழே இல்லை. மீனுக்கு வால் இல்லை. வானம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. அந்த வானத்தில், கடலுக்கு மேலே, கன்னங்கரேலென்று வட்டமாக ஒரு தட்டு.

உண்மையைச் சொல்ல வேண்டும். புதன்கிழமை எனக்கு எதுவும் நினைவில்லை. வியாழக்கிழமை, வானத்தில் ஏதோ மினுங்கியதாக நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை அதன் ரீங்காரம் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அது எந்தத் திசையில் வந்து எந்தத் திசையில் போயிற்று என்று நான் மணலில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"நானும் அங்கணதான நின்னேன்? எனக்கு மீன் நாத்தம் மட்டுந்தான் தெரிஞ்சுது" என்றாள் அக்கா. அத்தான் என் கட்சிக்கு வந்துவிட்டார். கையில் இருந்த மீன் அந்த நேரத்தில் ஒரு தரம் துடித்தது என்று சொன்னார். மீன் செத்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்பதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

முதலாளி, ஷோகேஸில் இருந்த மணமக்களை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, தட்டைப் பெரிதாக்கி மாட்டினார். சந்தைக்கு வந்தவர்கள் கத்தரிக்காய்க் கூடையோடு நின்று பார்த்தார்கள். பத்து நாள் கழித்து அண்ணாச்சி தக்கலையிலிருந்து வந்து இறங்கியபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"நெகட்டிவ் எங்க?"

"அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கு. உமக்கு இப்பம் காட்ட மாட்டேன்" என்றார் முதலாளி. "கண்ணு படும்."

இதற்குள் செய்தி சார்வாள் காதுக்குப் போய்விட்டது. சார்வாள் என்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் வாசகசாலையின் தலைவர். ஊர் வரலாறு எழுதுவதற்கென்று பழைய ஓலைகளையும் காகிதங்களையும் ஒரு மரப்பெட்டி நிறைய வாசகசாலையில் சேர்த்து வைத்திருந்தார். கண் பார்வை மங்கியதால், அதை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்காக நான் ஐந்து வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். என் டைரிகளை எல்லாம் நான் எழுதியதே, என்றைக்காவது அவர் கேட்டால் காட்டலாம் என்றுதான்.

கேட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை வாசகசாலையில கூட்டம் போடுவோம். படத்தையும் நெகட்டிவையும் கொண்டாரும். டைரியையும் கொண்டாரும். தட்டைப் பாத்ததை அன்னைக்கே எழுதியிருப்பீருல்லா? பொறவு எழுதினா அது கதை. அன்னைக்கு எழுதினாத்தான் சாட்சி. எல்லாம் செரியா இருந்தா, பெட்டி உமக்கு."

"எழுதியிருக்கேன் சார்வாள்" என்றேன்.

எழுதவில்லை. அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "மாலை 5.17. படம். அத்தான், அக்கா, மீன்." அடுத்த வரி, திரும்பி வரும்போது பஸ் தாமதமானதைப் பற்றியது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் ஒரு வரியை எழுதினேன்: "அவ்வேளையில் வானில் வட்டமாக ஏதோ மினுங்கக் கண்டேன்." நகல் குமாஸ்தா அல்லவா? எழுத்து அப்படியே ஒத்துப்போயிற்று. எனக்கு ஒரு குற்ற உணர்வும் இல்லை. மறந்துபோனதை இப்போதாவது எழுதினேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குக் கூட்டம். வாசகசாலையில் உட்கார இடமில்லை. முதலாளியிடம் கேட்டு வாங்கிய நெகட்டிவையும் படத்தையும் டைரியோடு மேஜையில் வைத்துவிட்டு, நான் நாற்பத்திரண்டு நிமிடம் பேசினேன். புராணத்து விமானங்களில் தொடங்கி, அமெரிக்கா வழியாக இராஜாக்கமங்கலத்துக்கு வந்து சேர்ந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். முடிவில் சார்வாள் எழுந்து, "கண்ணு தெரிஞ்ச ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும். அண்ணாச்சி, வாரும்" என்றார்.

அண்ணாச்சி முன்னால் வந்தார். நெகட்டிவை எடுப்பார் என்று நினைத்தேன். டைரியை எடுத்தார். சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். டச்சிங் மேஜையில் நெகட்டிவைச் சாய்த்துப் பார்ப்பது போலவே பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு மசியின் நினைவு வந்தது. நான் எழுதும் நீலக்கறுப்பு மசிக்கு ஒரு குணம் உண்டு. எழுதிய புதிதில் நீலமாக இருக்கும். நாள் போகப்போகக் கறுக்கும். மூன்று வாரத்துக்கு முன் எழுதிய வரிகள் கறுத்திருந்தன. நடுவில் இருந்த ஒரு வரி இன்னும் நீலமாக இருந்தது. பத்து வருடம் மசியோடு வாழ்ந்த எனக்கு இது தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் தெரியாமல் போய்விட்டது. மற்றவர்கள் கண்ணுக்கு இது பட்டிருக்காது. ஆனால் சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவில் இருபது நிறம் பார்க்கிற மனிதரின் கையில் அல்லவா டைரி இருந்தது?

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பித் திங்கட்கிழமையை வாசித்தார். டார்க்ரூம் வாசலில் அரை மணி நேரம் நின்று நானே வென்ற திங்கட்கிழமை.

"என்ன அண்ணாச்சி, டைரி எப்படி?" என்றார் சார்வாள்.

"கையெழுத்து நல்லாருக்கு சார்வாள்."

கூட்டம் சிரித்தது. அவர் டைரியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு நெகட்டிவை எடுத்தார். இரண்டு விநாடிகூடப் பார்த்திருக்க மாட்டார்.

"இதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல" என்றார்.

வாசகசாலை அசந்துபோயிற்று. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை. முதலாளி கை தட்டவே தொடங்கிவிட்டார்.

"நில்லும். தட்டுதான். ஆனா பறக்குத தட்டு இல்ல. கழுவுத தட்டு."

"வெளங்கச் சொல்லும்" என்றார் சார்வாள்.

"பிலிமை மருந்துத் தட்டுல போட்டா ஆட்டிக்கிட்டே இருக்கணும் சார்வாள். ஆட்டாம விட்டா காத்துக் குமிழி வந்து ஒட்டிக்கிடும். ஒட்டின எடத்துல மருந்து படாது. அங்கண நெகட்டிவ் வெறும் கண்ணாடி கணக்கா இருக்கும். படம் போட்டா கறுப்பு வட்டமா விழும். இந்தா, அந்தத் தட்டு வழியா ஜன்னலைப் பாரும். வெளிய நிக்குத வேப்பமரம் தெரியுதா?"

சார்வாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நெகட்டிவைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த தட்டுக்குள் எங்கள் வாசகசாலை வேப்பமரம் நின்றது.

"தெரியுது" என்றார் வருத்தமாக.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பம் இதைக் கழுவினது ஆரு?"

"நான்தான்."

"ஆட்டாம உள்ள என்னத்த ஓய் செஞ்சுக்கிட்டு இருந்தீரு?"

நான் தரையைப் பார்த்தேன். பதில் அவர் அக்குளில் இருந்த டைரியில் இருந்தது, என் கையெழுத்தில், மணி நிமிடத்தோடு. அதை விரித்து அந்தத் திங்கட்கிழமை வரியை வாசித்தால் போதும். அதோடு சேர்த்து நீல வரியையும் காட்டினால், நான் வாசகசாலைப் பக்கமும் கச்சேரிப் பக்கமும் தலை வைத்துப் படுக்க முடியாது. கள்ளக் குறிப்பு எழுதுகிற நகல் குமாஸ்தாவை யார் வைத்துக்கொள்வார்கள்?

"ஒறங்கிட்டேன்" என்றார் அண்ணாச்சி.

"நின்னுக்கிட்டா?"

"நின்னுக்கிட்டேதான்."

வாசகசாலை வெடித்தது. கொட்டாவி விட்ட இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஊருல உள்ளவனை எல்லாம் சந்தேகப்பட்டீரே அண்ணாச்சி, கடைசியில நீரே ஒறங்கித் தட்டை உண்டாக்கினீரா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

சார்வாள் என் தோளில் கை வைத்தார். "தட்டு போனாப் போட்டும் தம்பி. நெகட்டிவை ஒளிக்காமக் கொண்டு வந்து காட்டினீரே, அது போதும். நேர்மையான ஆளுக்குத்தான் அது முடியும். பெட்டியை எடுத்துக்கிட்டுப் போம்."

"செரி சார்வாள்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. தேதி, நிமிடமெல்லாம் எழுதுகிறவன் இதையும் எழுத வேண்டும்: வேறு எதுவும் சொல்லவில்லை.

வெளியே, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் அண்ணாச்சி என் டைரியைத் திருப்பிக் கொடுத்தார். நான் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, அந்த வரி…"

"பாத்தேன்."

"கிழிச்சிரட்டா?"

"கிழிச்சா பின்னால உள்ள ஞாயித்துக்கிழமையும் சேந்து போயிரும்லா? கெடக்கட்டும்." கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். "டச்சிங் ரொம்ப மோசம்வே. 'மினுங்க'ன்னு எழுதின எடத்துல கை நடுங்கியிருக்கு. பழகின கை நடுங்காது. நீரு போயி இந்தப் பெட்டியில உள்ளதை எழுதும்."

திங்கட்கிழமை காலைக்குள் அவருடைய பெயர் மாறிவிட்டது. நெகட்டிவ் அண்ணாச்சி போய், தட்டு அண்ணாச்சி ஆனார். டார்க்ரூம் கதவில் முதலாளி ஒரு மணியைத் தொங்கவிட்டு, கால் மணிக்கு ஒரு தரம் அடித்து, "முழிச்சிருக்கேரா?" என்று கேட்டார். அண்ணாச்சி ஏதாவது ஒரு படத்தைக் கையில் வாங்கிச் சந்தேகமாகப் பார்த்தால், "நீரு மொதல்ல போயி ஒறங்கும்" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் யாரையும் நம்பாமல் இருக்க அவருக்கு இருந்த ஒரே உரிமையும் அன்றோடு போய்விட்டது.

1956 நவம்பர் முதல் தேதி எங்கள் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்கு அடுத்த வாரம் அவர் மகனோடு இருப்பதற்குத் தூத்துக்குடிக்குப் போனார். இடைப்பட்ட நான்கு வருடமும், நான் பக்கத்தில் நிற்கும்போதே எத்தனையோ பேர் "தட்டு அண்ணாச்சி!" என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் "என்னவே?" என்று கூப்பிட்டவரைப் பார்ப்பார். அந்த நேரத்தில் நான் நிற்கிற பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.